குழந்தை ஷாம்பூவில் என்னதான் இருக்கிறது?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரப் பயிற்றுநர் பேசியது. கூட்டத்துக்கு வர இயலாத குழுக்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் பேசி முடித்து டீயும் குடித்தாகிவிட்டது. மாடு கறக்கிற நேரம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அவசரம் இருக்கும். இருந்தாலும் இன்றைக்குக் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். காரணம், கூட்டமைப்பின் முன்னால் ஒரு கடன் விண்ணப்பம் வந்திருக்கிறது. பினாயிலும் சோப்புத் தூளும் செய்து நன்றாக விற்கிற நம் குழு ஒன்று, அடுத்ததாகக் குழந்தைகளுக்கான ஷாம்பூவும் குளியல் திரவமும் செய்ய மூலதனம் கேட்டிருக்கிறது. தலைவி அக்கா என்னிடம், "இது குழந்தை சமாச்சாரம், நீங்க வந்து எல்லாருக்கும் விளக்கமா சொல்லிட்டா நாங்க ஒரு முடிவு எடுப்போம்" என்றார்கள். அதனால் கடையில் வாங்குவதைப் பற்றியும் பேசுகிறேன், நாம் செய்து விற்பதைப் பற்றியும் பேசுகிறேன்.

முதலில் குழந்தையின் தோல். மூன்று கிலோ எடையுள்ள பச்சைக் குழந்தையையும் அறுபது கிலோ எடையுள்ள தாயையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தோல் என்று கணக்குப் போட்டால், தாயைவிடக் குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டரை மடங்கு தோல் இருக்கிறது. அந்தத் தோலும் மெல்லியது. ஆகவே தோல் மேல் பூசுகிற எதுவும், உள்ளே போகிற தன்மை உடையதாக இருந்தால், நம் உடம்பைவிடக் குழந்தை உடம்புக்குள் அதிகம் போகும். "மேலுக்குத்தானே போடுறோம், உள்ளுக்கா குடுக்குறோம்" என்று நாம் சொல்கிறோமே, அது குழந்தை விஷயத்தில் சரியில்லை.

இதை உலகம் ஒரு பெரிய துக்கத்தில்தான் கற்றுக்கொண்டது. ஹெக்சாகுளோரோஃபீன் என்று ஒரு கிருமிநாசினி. மேலை நாட்டு ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளை இந்த மருந்து மூன்று சதவீதம் கலந்த திரவத்தில்தான் குளிப்பாட்டுவார்கள். தோலில் சீழ்க் கட்டி வராமல் தடுக்கும் என்று நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இது தோல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளையைப் பாதிக்கிறது என்று தெரியவந்தது. 1971 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை, குழந்தையின் உடம்பு முழுக்க இதில் குளிப்பாட்ட வேண்டாம் என்று எச்சரித்தது. அடுத்த ஆண்டு, 1972-ல், பிரான்சில் ஒரு குழந்தைப் பவுடரில் இந்தப் பொருள் தவறுதலாக ஆறு சதவீத அளவுக்குக் கலந்துவிட்டது. 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 36 குழந்தைகள் இறந்துபோனார்கள். வாயில் ஒரு சொட்டுப் போகவில்லை, பவுடர் போட்டதோடு சரி. அதன் பிறகு நாட்டுக்கு நாடு இந்தப் பொருளுக்குச் சட்டம் போட்டார்கள். நம் நாட்டு விதிகளிலும் கட்டுப்பாடு உண்டு. இன்றைய ஷாம்பூவில் அது இருக்கிறது என்று சொல்லிப் பயமுறுத்த வரவில்லை. தோல் ஒரு கதவு, அதைத் தாண்டி உள்ளே போக முடியும் என்று புரியவைக்கத்தான் சொன்னேன்.

சரி, ஒரு குழந்தை ஷாம்பூ பாட்டிலில் என்ன இருக்கிறது? பாதிக்கு மேல் தண்ணீர். அதற்குப் பிறகு நுரை வரவைக்கும் பொருள். பிறகு கெட்டுப்போகாமல் இருக்க ஒன்று, வாசனைக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று, கெட்டியாக இருக்க உப்பு. முன்பக்கத்தில் படம் போட்டிருக்கிற பாதாம், பால், வேம்பு, கற்றாழை எல்லாம் பெரும்பாலும் கடைசியில், கொஞ்சமே கொஞ்சம்.

நுரைப் பொருளில் அதிகம் புழங்குவது சோடியம் லாரத் சல்பேட். கெமிக்கல் கடைக்குப் போகிற நம் குழுப் பெண்கள் எஸ்.எல்.இ.எஸ். என்று கேட்டு வாங்கிவருகிற அந்தக் கெட்டிக் கூழ்தான் இது. இதன் அண்ணன் சோடியம் லாரில் சல்பேட், எஸ்.எல்.எஸ். அண்ணன் கடுமையானவன், தோலை வறட்டுவான், கண்ணை எரிப்பான். அவனைவிடச் சாதுவாக இருப்பதற்காகத் தொழிற்சாலையில் மூலப்பொருளை வேறொரு வாயுவோடு சேர்த்து மாற்றித்தான் தம்பி எஸ்.எல்.இ.எஸ். செய்கிறார்கள். அப்படி மாற்றும்போது ஒன்று நான்கு டயாக்சேன் என்ற ஒரு பொருள் கழிவாக உண்டாகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று உலக அளவிலான புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறது. தொழிற்சாலையில் கூடுதலாக ஒரு வேலை செய்தால் இதில் பெரும்பகுதியை நீக்கிவிடலாம். செய்கிறவர்களும் இருக்கிறார்கள், காசு மிச்சம் என்று விடுகிறவர்களும் இருக்கிறார்கள். யாரும் சேர்த்த பொருள் இல்லை, தானாக வந்த அழுக்கு என்பதால் லேபிளில் எழுதவும் மாட்டார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டு, 2023 முடிவிலிருந்து குளியல் பொருட்களில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இது இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. மனசு வைத்தால் குறைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

அடுத்தது கெட்டுப்போகாமல் காக்கும் பொருள். இதில்தான் அதிகம் நிற்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர் இருக்கிற எந்தப் பொருளிலும் கிருமி வளரும். இட்லி மாவு மூன்றாம் நாள் புளித்துப் பொங்குகிறதே, அதே கதைதான். ஷாம்பூ பாட்டில் ஆறு மாதம், ஒரு வருடம் ஈரமான குளியலறையில் இருக்கிறது. அதனால் காக்கும் பொருள் போட்டே ஆகவேண்டும். போடாவிட்டால் கெட்டுப்போன திரவம் குழந்தை கண்ணில் பட்டு இன்னும் பெரிய தொல்லை வரும். எதைப் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு வகைப் பொருட்கள், பாட்டிலுக்குள் இருந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளிவிடும். ஃபார்மால்டிஹைடு என்றால் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஃபார்மலின் என்றால் தெரியும். 2018-ல் கேரளாவில் டன் கணக்கில் மீனைப் பிடித்தார்களே, பிணம் கெடாமல் இருக்க ஊற்றுகிற மருந்தை மீனுக்கு ஊற்றிவிட்டார்கள் என்று டி.வி.யில் எல்லாம் வந்ததே, அந்த மருந்துதான். ஃபார்மால்டிஹைடு வாயுவை நெடுநாள் சுவாசிக்கிற தொழிலாளர்களுக்குப் புற்றுநோய் வருகிறது என்பது 2004-லேயே உறுதியாகிவிட்டது. ஷாம்பூவில் இருக்கிற அளவு அதைவிட மிகமிகக் குறைவு. அதனால் குளிப்பாட்டியவுடன் புற்றுநோய் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஷாம்பூவில் இதனால் நேரடியாக வருகிற தொல்லை தோல் ஒவ்வாமை. அரிப்பு, சிவப்பு, தடிப்பு, பிறகு சொறிந்து சொறிந்து புண். ஒரு தடவை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அது பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். பிறகு அந்தப் பிள்ளை பெரியவளாகி எந்தச் சாயம் போட்ட துணி, எந்த முகப்பூச்சு தொட்டாலும் கவனமாக இருக்க வேண்டியதுதான்.

இதை வெளிவிடுகிற பொருட்களின் பெயர்கள் வாயில் நுழையாது. இருந்தாலும் சொல்கிறேன்: டி.எம்.டி.எம். ஹைடன்டாயின், குவாட்டர்னியம் பதினைந்து, இமிடசோலிடினைல் யூரியா, டையசோலிடினைல் யூரியா. இந்த நான்கையும் கூட்டத்தில் பலகையில் இங்கிலீஷில் எழுதிப் போட்டோம், உங்கள் ஊக்குநரிடம் ஆளுக்கொரு சீட்டும் கொடுத்திருக்கிறது. ஏழாவது, எட்டாவது படிக்கிற மகளையோ பேரனையோ கூப்பிட்டு, "இந்தச் சீட்டுல இருக்கறது அந்த பாட்டில்ல இருக்கா பாரு" என்று சொன்னால் போதும். நாம் படிக்கத் தெரியாவிட்டாலும் வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண் இருக்கிறதே.

2009-ல் அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் கூட்டமைப்பு, அதுவும் நம்மை மாதிரி அமைப்புகள் சேர்ந்ததுதான், குழந்தைகளுக்கான குளியல் பொருட்கள் 48-ஐக் கடையில் வாங்கிப் பரிசோதித்தது. 32-ல் டயாக்சேன் இருந்தது. 28 பொருட்களில் ஃபார்மால்டிஹைடு பார்த்ததில் 23-ல் இருந்தது. பெரிய பெரிய கம்பெனிகளின் பொருட்கள். அவர்கள் விடவில்லை. 2011-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியின் குழந்தை ஷாம்பூவைப் பதின்மூன்று நாடுகளில் வாங்கி லேபிளைப் படித்துப் பார்த்தார்கள். அமெரிக்கா, கனடா, சீனா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் குவாட்டர்னியம் பதினைந்து இருந்தது. இங்கிலாந்து, ஜப்பான், டென்மார்க், தென்னாப்பிரிக்காவில் அதே பெயரில் விற்ற ஷாம்பூவில் அது இல்லை! ஒரே கம்பெனி, ஒரே மஞ்சள் நிறம். ஒரு நாட்டுப் பிள்ளைக்கு அதை எடுத்துவிட்டுச் செய்யத் தெரிகிறது, இன்னொரு நாட்டுப் பிள்ளைக்குத் தெரியவில்லையா? தாய்மார்கள் கேட்ட கேள்வி இதுதான். அந்தக் கம்பெனி மாற்றுவதாக ஒத்துக்கொண்டு, 2014 ஜனவரியில் குழந்தைப் பொருட்களில் அவற்றை எடுத்துவிட்டதாக அறிவித்தது. ஆயிரம் பேர் தனித்தனியாக முணுமுணுத்தால் நடக்காதது, சேர்ந்து கேட்டால் நடக்கிறது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, சாராயக் கடையை மூடவைத்த அனுபவம் நம்மில் பல ஊர்களுக்கு உண்டு.

நம் நாட்டிலும் 2019-ல் இந்தப் பேச்சு வந்தது. ராஜஸ்தான் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அதே கம்பெனியின் குழந்தை ஷாம்பூ மாதிரிகளில் ஃபார்மால்டிஹைடு இருப்பதாகச் சொன்னது. கம்பெனி, பரிசோதித்த முறையே சரியில்லை என்று மறுத்தது. பிறகு மத்திய அரசின் ஆய்வகத்தில் மறுபடி பார்த்ததில் இல்லை என்று முடிவு வந்ததாகக் கம்பெனி அறிவித்தது. வாட்ஸ்அப்பில் இன்றைக்கும் அந்தச் செய்தியின் முதல் பாதி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிற்பாதியையும் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொரு காக்கும் பொருள் பாராபென். உடம்பில் பெண் சுரப்பு மாதிரி லேசாக வேலை செய்யும் என்று சந்தேகம் வந்து, 2011-ல் டென்மார்க் நாடு மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொருட்களில் புரோப்பைல், பியூட்டைல் என்ற இரண்டு பாராபென்களுக்குத் தடை போட்டது. 2014-ல் ஐரோப்பா முழுக்க, அதைவிடச் சந்தேகமான ஐந்து வகைகளை எடுத்துவிட்டார்கள். மீதைல் பாராபென் இன்றைக்கும் அங்கே அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் விளம்பரத்தில் "பாராபென் இல்லை, பாராபென் இல்லை" என்று கத்த ஆரம்பித்ததும் என்ன ஆனது தெரியுமா? அதற்குப் பதிலாகப் பல கம்பெனிகள் மீதைல் ஐசோதயசோலினோன் என்ற பொருளைப் போட்டார்கள். அது பாராபெனைவிடப் பல மடங்கு ஒவ்வாமை கொடுத்தது. குழந்தையைத் துடைக்கிற ஈரத் துணி பாக்கெட்டிலும் அது போனது. துடைத்த தாயின் கையிலும் குழந்தையின் பிட்டத்திலும் தோல் வெந்த மாதிரி ஆனது. கடைசியில் 2017-ல் ஐரோப்பாவில், கழுவாமல் உடம்பில் விடுகிற பொருட்களில் அதற்குத் தடை வந்தது. கழுவிவிடுகிற ஷாம்பூவில் மிகக் குறைந்த அளவுக்கு மட்டும் அனுமதி. ஆகவே "இது இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், "சரி, அதுக்குப் பதிலா எது இருக்கு?" என்று பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். இந்தப் பெயரும் சீட்டில் ஐந்தாவதாக இருக்கிறது.

வாசனையைப் பற்றி ஒன்று மட்டும். லேபிளில் பெர்ஃப்யூம் அல்லது ஃபிராக்ரன்ஸ் என்று ஒரே சொல் போட்டிருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் பத்துப் பொருளும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். குழந்தைக்கு வாசனை தேவையே இல்லை. பிறந்த குழந்தைக்கு என்று ஒரு வாசம் இருக்கிறது, அதற்கு மேல் எந்தக் கம்பெனியும் செய்ய முடியாது. தோல் தடிக்கிற பிள்ளை என்றால் வாசனை இல்லாததையே கேட்டு வாங்குங்கள்.

"கண்ணீர் வராது" என்று போட்டிருப்பதற்கு அர்த்தம் கண் எரியாது என்பது மட்டும்தான். எரிச்சல் குறைவான நுரைப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். அதற்காக மற்றதெல்லாம் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை. அதே மாதிரி "ஹெர்பல்", "நேச்சுரல்" என்ற சொற்களும். பச்சைப் புள்ளி இருந்தால் சைவப் பொருள் என்று அர்த்தம், சாதுவான பொருள் என்று அல்ல.

இப்போது நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். நம்மில் எத்தனை பேர் பாட்டில் வாங்குகிறோம்? கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா, நாலைந்து பேர். மற்றவர்கள் எல்லாம் கடையில் தொங்குகிற சாஷே சரத்தில் ஒன்று கிழித்து வாங்குகிறவர்கள். ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுவந்தவர் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தான். அவர் பிள்ளைகள் வெல்வெட், சிக் என்று நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். கூலிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கும் பணக்காரர் பயன்படுத்துவது கிடைக்கட்டும் என்பது நல்ல யோசனை, நமக்குப் பெருமையும்கூட. ஆனால் சட்டத்தில் ஒரு ஓட்டை. ஒப்பனைப் பொருட்களில் என்னென்ன கலந்திருக்கிறது என்று லேபிளில் எழுத வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில் எழுத வேண்டும். ஆனால் திரவம் 60 மில்லிக்குக் குறைவாக இருந்தால் அந்தப் பட்டியல் கட்டாயம் இல்லை. சாஷேயில் இருப்பது ஐந்தாறு மில்லி. ஆக, பாட்டில் வாங்க முடிந்தவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது, ஒரு ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு அந்த உரிமை இல்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. சின்ன பாக்கெட்டில் இடம் இல்லை என்பார்கள். சரத்தின் தலைப்பு அட்டையில் போடலாமே! சில கம்பெனிகள் கட்டாயம் இல்லாவிட்டாலும் பொடி எழுத்தில் போடுகிறார்கள். அப்படிப் போட்டிருப்பதை வாங்குங்கள்.

அதற்கு நடைமுறையில் ஒரு வழி இருக்கிறது. பெரியவர்களுக்கு என்று செய்த சாஷேயைத்தான் நாம் குழந்தை தலையிலும் தேய்க்கிறோம். அதை நிறுத்திவிட்டு, குழுவில் பத்துப் பேர் சேர்ந்து லேபிள் உள்ள குழந்தை ஷாம்பூ பெரிய பாட்டிலாக மொத்த விலைக்கு வாங்கிக்கொண்டால், ஆளுக்கு ஆகிற செலவு சாஷே செலவைவிட அதிகம் இருக்காது. ஏனென்றால் குழந்தைக்கு வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் தலைக்கு வேண்டும், அதுவும் ஒரு பட்டாணி அளவு. பங்கு வைக்கும்போது மட்டும் சுத்தமான, காய்ந்த பாட்டிலில் ஊற்ற வேண்டும். தண்ணீர் கலக்கக் கூடாது. கலந்தால் காக்கும் பொருளின் பலம் போய் உள்ளே கிருமி பிடிக்கும். சந்தையில் லேபிளே இல்லாமல் கேனில் இருந்து லிட்டர் கணக்கில் ஊற்றித் தருகிற ஷாம்பூ மட்டும் வேண்டவே வேண்டாம்.

"அதெல்லாம் எதுக்கு, நம்ம சீயக்காய் இல்லையா" என்று அந்தப் பக்கம் ஒரு பாட்டியம்மா கேட்பது காதில் விழுகிறது. இருக்கிறது பாட்டி. சீயக்காய், பூந்திக்கொட்டை, அரப்பு எல்லாவற்றிலும் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் இருக்கிறது. ஆனால் சீயக்காய் கண்ணில் விழுந்தால் என்ன எரிச்சல் என்று நாம் எல்லாரும் சின்ன வயதில் அலறிப் பார்த்தவர்கள்தானே. அரப்புத் தூள் மூக்கில் ஏறினால் தும்மலும் இழுப்பும் வரும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இவை தேவையில்லை. பாசிப்பயறு மாவு சாதுவானது. ஆனால் நைசாக அரைத்துச் சலித்து, தண்ணீரில் குழைத்துப் பூச வேண்டும், வறட்டு மாவாகத் தேய்த்தால் மெல்லிய தோல் கீறும். அக்கி, கரப்பான் மாதிரி தோல் வெடித்திருக்கிற பிள்ளைக்கு எந்த மாவும் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் சேர்ப்பதானால் கிழங்கை வாங்கிக் காயவைத்து நாமே அரைத்தது நல்லது. பளபளவென்று மின்னுகிற மலிவு மஞ்சள் தூளில் ஈயம் கலந்த சாயம் சேர்த்துப் பிடிபட்டிருக்கிறார்கள்.

பச்சைக் குழந்தைக்குப் பெரும்பாலும் வெதுவெதுப்பான தண்ணீரே போதும். அக்குள், தொடை மடிப்பு, கழுத்து மடிப்பு, பிட்டம் ஆகிய இடங்களுக்கு மட்டும் கொஞ்சம் சோப்போ திரவமோ. பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பைச் சோப்பு, ஷாம்பூ எதுவும் படாமல் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். அங்கே நுரை பட்டால் எரிச்சல் வரும், பிள்ளை ஒன்றுக்குப் போகும்போது அழும். நாம் நீர்க்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று இன்னும் இன்னும் போடுகிறோம், அது திரிந்து வெள்ளையாகத் தோல் மடிப்பில் ஒட்டிக்கொள்கிறது. பாதி அரிப்புக்கு அதுதான் காரணம். குழந்தைக்கு மட்டுமாவது குடிதண்ணீர்க் குழாயில் பிடித்த ஒரு குடம் ஒதுக்குங்கள், கடைசியில் நன்றாக ஊற்றி அலசுங்கள். துணி சோப்பில் குளிப்பாட்டுகிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி அந்தக் கடன் விண்ணப்பம். அந்தக் குழுச் சகோதரிகள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் உழைப்பில் எனக்கு மரியாதை உண்டு, ஆகையால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். விண்ணப்பத்தோடு இணைத்த செய்முறைத் தாளைப் பார்த்தேன். எஸ்.எல்.இ.எஸ்., தண்ணீர், உப்பு, மஞ்சள் நிறம், வாசனை, கடைசியில் "கெடாமல் இருக்க ஃபார்மலின்". எங்கோ பயிற்சியில் கொடுத்த தாள். பயிற்சி கொடுத்தவர் பினாயிலுக்குச் சொன்ன மாதிரியே இதையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பினாயில் தரையில் ஊற்றுவது, இது குழந்தையின் தலையில் ஊற்றுவது. உலகத்துத் தாய்மார்கள் எதை எடுக்கச் சொல்லிப் போராடினார்களோ, அதையே நாம் கையால் ஊற்றப் போகிறோம். அதை ஊற்றுகிற சகோதரி அந்த நெடியை தினமும் சுவாசிக்கவும் வேண்டும்.

இன்னொன்று, விற்பனைக்காக ஷாம்பூவோ குளியல் பொருளோ செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். 1940-ஆம் ஆண்டுச் சட்டமும் 2020-ல் வந்த ஒப்பனைப் பொருள் விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. குடிசைத் தொழில், மகளிர் குழு என்பதற்கெல்லாம் விலக்கு இல்லை. போர் தண்ணீரில் கலக்கிப் பழைய பாட்டிலில் அடைத்து, ஒரு குழந்தைக்குக் கண்ணில் பாதிப்பு வந்துவிட்டால், வழக்கு குழுவின் பெயரில் வரும். கடன் பாக்கி கூட்டமைப்பின் தலையில் வரும். அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு யார் பொறுப்பு?

என் யோசனை இது. திரவம் வேண்டாம். குளியல் பொடி செய்யலாம். பொடியில் தண்ணீர் இல்லை, அதனால் காக்கும் பொருள் தேவையில்லை. பாசிப்பயறு நம் ஊரில் விளைகிறது. நன்றாகக் காயவைத்து, சாயமும் சென்ட்டும் சேர்க்காமல், காற்றுப் புகாத பையில் அடைத்தால் போதும். பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியமான வேலை. இதற்கும் உரிமம் வேண்டும், பொருளை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கவும் வேண்டும். கேட்டிருக்கிற கடனில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாம். சின்ன பையாக இருந்தாலும் என்ன சேர்த்தோம் என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். பெரிய கம்பெனி செய்யாததை நாம் செய்து காட்டுவோம். முடிவு உங்கள் கையில், பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்தில் ஓட்டுப் போடுவீர்கள்.

கேள்விகள் இரண்டு வந்திருக்கின்றன. ஒரு தங்கை, "ஷாம்பூவைப் பிள்ளை குடிச்சிட்டா என்ன செய்யறது?" என்று கேட்கிறார். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரை மூச்சுக்குழலில் போய்விடும். வாயைத் துடைத்துவிட்டு இரண்டு வாய் தண்ணீர் கொடுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் உடனே 108. கண்ணில் விழுந்தால் பதினைந்து நிமிடம் சுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, சிவப்பு போகாவிட்டால் ஆஸ்பத்திரி. இன்னொரு அக்கா, "போட்டதுக்கப்புறம் தடிப்பு வந்தா யார்கிட்ட சொல்றது?" என்கிறார். முதலில் அந்தப் பொருளை நிறுத்துங்கள், ஆனால் பாட்டிலையும் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் பாட்டிலோடு போங்கள். பிறகு மாவட்டத்தில் உள்ள மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்யலாம். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு துளி தடவிக் கழுவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு அப்புறம் குளிப்பாட்டுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் குழந்தைக்குப் போடுகிற பாட்டில், சாஷே, சோப்பு உறை எதுவாக இருந்தாலும் ஆளுக்கு ஒன்று எடுத்து வாருங்கள். காலியானதாக இருந்தாலும் பரவாயில்லை. எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கும், பூதக்கண்ணாடி நான் கொண்டு வருகிறேன்.